கீழக்கரை வீட்டுப் பவளத் தொட்டியில் எல்இடி விளக்குத் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கீழக்கரையில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு வீடு. வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய வீட்டுக்காரர், அங்கே ஒரு கடையில் பார்த்ததைப் போன்ற பவளத் தொட்டி ஒன்றை முன்னறையில் வைக்க விரும்பினார். அமைத்துக் கொடுத்துப் பராமரித்தவர் மீன் தொட்டி வேலையைத் தொழிலாகச் செய்யும் இளைஞர். நன்னீர்த் தொட்டியில் கைதேர்ந்தவர். பவளம் அவருக்கும் புதிது.

விளக்கைப் பேசுமுன் சட்டத்தைப் பேச வேண்டிய ஊர் இது. எதிரே கடலில் இருக்கும் அப்பா தீவு, வாழைத்தீவு, முள்ளித்தீவு எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன. உயிரோடு எடுப்பது மட்டுமல்ல, கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லை எடுத்துவந்து தொட்டிக்குள் அடுக்குவதும் குற்றம். எனவே இந்தத் தொட்டியில் கல்பவளம் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவானது. தொட்டியில் வெட்டி வளர்த்துப் பெருக்கப்பட்ட மென்பவளங்கள் மட்டும், ரசீதோடு வாங்கப்பட்டன. பாறைக்கு, வெள்ளைச் சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் கலந்து வார்த்து, நீரை மாற்றி மாற்றி ஆறு வாரம் ஊறவைத்து, காரத்தன்மை இறங்கிய துண்டுகள்.

இந்த முடிவு விளக்குத் தேர்வையும் பாதித்தது. கிளைக் கல்பவளங்கள் 200 முதல் 350 மைக்ரோமோல் (ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) ஒளி கேட்பவை. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். அதாவது, தேவைப்பட்டது சக்தி குறைந்த விளக்கு. வாங்கியதோ கல்பவளத்துக்கு என்று விற்கப்படும் விளக்கு.

தொட்டியும் நீரும்

120 × 45 × 50 செ.மீ., 10 மி.மீ. கண்ணாடி. அடியில் 60 லிட்டர் சம்ப் (நீர் சுழன்று வரும் துணைத்தொட்டி), அதில் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர். பாறையும் மணலும் போக மொத்த நீர் 280 லிட்டர் சுமார். நீர், ஓதம் ஏறிய நேரத்தில் கரையை விட்டுத் தள்ளி எடுத்த கடல்நீர். பிளீச்சிங் பவுடர் போட்டு, தயோசல்பேட்டால் குளோரினை முறித்து, இருட்டான டிரம்மில் வைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றினார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கிவிடும் என்பதால் அதற்கு முன்பே சேமிப்பு. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). ஆவியாகும் நீருக்குப் பதில் குழாய்நீரை அப்படியே ஊற்றினார்கள். இந்த ஒரு பழக்கம் பின்னால் விளக்கின் தலையில் பழியாக விழுந்தது.

முதல் விளக்கு: 100 வாட் ஃபோகஸ்

ஜனவரி இறுதியில் தொட்டி நிறைந்தது. பந்தலுக்குக் கட்டும் 100 வாட் வெள்ளை எல்இடி ஃபோகஸ் லைட் ஒன்று, 6500 கெல்வின், நீருக்கு மேலே 40 செ.மீ. உயரத்தில் தொங்கியது. காலை 8 மணிக்குப் போட்டு இரவு 8 மணிக்கு அணைத்தார்கள். மார்ச் தொடக்கத்தில் ஆறு துண்டுகள் வந்தன: சோவா எனப்படும் பட்டன் பாலிப் மூன்று, மஷ்ரூம் இரண்டு, லெதர் ஒன்று.

மூன்றே வாரத்தில் பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி. சோவாக்களின் பச்சையும் ஆரஞ்சும் மங்கிப் பழுப்பாகத் தெரிந்தன. “வெள்ளை விளக்கு பாசிக்குத்தான் லாயக்கு, பவளத்துக்கு நீலம் வேண்டும்” என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள்.

இதில் பாதிதான் உண்மை. வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் அதன் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. 450 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் அதற்கும் நல்ல முகடு உண்டு. பவளத் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி உறிஞ்சுவதும் அந்தப் பக்கத்து ஒளியைத்தான்: குளோரோபில் ஏ 430 பக்கம், குளோரோபில் சி 450-460 பக்கம். ஆகவே அந்த ஃபோகஸ் விளக்கில் மென்பவளம் பட்டினி கிடக்கவில்லை. நிறம் மங்கியதற்குக் காரணம் வேறு. பவளத்தின் ஒளிர்நிறங்கள் நீலத்தையும் ஊதாவையும் வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி விடுபவை. வெள்ளொளி சேர்ந்து கொட்டும்போது அந்த ஒளிர்வு கண்ணுக்கு எடுபடாது. நிறம் இருந்தது, தெரியவில்லை.

பாசிக்கு விளக்கை விடப் பெரிய காரணங்கள் இரண்டு: 12 மணி நேர ஒளி, குழாய்நீர் வழியாக நாள்தோறும் சேர்ந்த பாஸ்பேட். அப்போது சோதித்ததில் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் பாஸ்பேட் 0.4, நைட்ரேட் 20. நேரத்தை 8 மணியாகக் குறைத்து ஆர்ஓ நீருக்கு மாறியிருந்தால் அதே ஃபோகஸ் விளக்கோடு சில மாதங்களை ஓட்டியிருக்கலாம்.

இரண்டாவது விளக்கு

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே நாளில் மூன்று மாற்றங்கள் நடந்தன. 55 எல்இடி கொண்ட கறுப்புப் பெட்டி விளக்கு வந்தது. பெட்டியில் 165 வாட் என்று அச்சிட்டிருந்தது. சம்பில் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணி 250 மி.லி. போட்டார்கள். மேலூற்றும் நீர் ஆர்ஓ நீரானது.

விளக்கில் இரண்டு சேனல்: ஒன்று நீலம், மற்றது வெள்ளை. ஒவ்வொரு எல்இடிக்கும் 90 டிகிரி லென்ஸ், பின்னால் இரண்டு விசிறி. நீருக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில், தொட்டியின் நடுவில் தொங்கியது. வீட்டுக்காரருக்குக் கடைத் தொட்டியின் நீலம் வேண்டும். எனவே நீலம் 100 விழுக்காடு, வெள்ளை 10. இளைஞர் கையோடு லக்ஸ் மீட்டர் வைத்திருந்தார். நீர்மட்டம் இறங்கியிருந்தபோது மேல்பாறை உச்சியில் வைத்துப் பார்த்தார், 4,500 காட்டியது.

“இவ்வளவு இருட்டா இருக்கே தம்பி, பவளத்துக்குப் பத்துமா?”

“நானும் அதான் பார்க்கிறேன் காக்கா. 54ஆல் வகுத்தா 80 சொச்சம்தான் வருது. குறைக்க வேண்டாம்.”

(இந்த ஊரில் அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள்.) இந்த உரையாடல்தான் பின்னால் நடந்த அனைத்துக்கும் வேர். லக்ஸை 54ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைக்கும் என்பது சரியான கணக்கு. ஆனால் வெயிலுக்கு மட்டும். லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டிச் செய்யப்பட்ட கருவி. 555 நானோமீட்டர் பச்சைக்கு முழு மதிப்புக் கொடுக்கும். 450 நானோமீட்டர் நீலத்துக்கு அதில் 4 விழுக்காடுகூடக் கொடுக்காது. தனி 450 நீலம் எரியும்போது லக்ஸை ஏறத்தாழ 7ஆல் வகுக்க வேண்டும். நீலத்தோடு கொஞ்சம் வெள்ளை கலந்திருந்தால் வகுக்கும் எண் இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும், கலவைக்குக் கலவை மாறும். மலிவு மீட்டர்களின் உணர்வி நீலத்தில் இன்னும் கூடுதலாகப் பிசகும். செல்போன் செயலிகளின் நிலை அதைவிட மோசம். கண்ணும் கருவியும் ஒரே பொய்யைச் சொன்னதால் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாகிவிட்டது.

கண்டவை

மூன்றாம் நாள்: லெதர் தன் பாலிப்புகளை (பூப்போல விரியும் சிறு உயிர்களை) உள்ளிழுத்து வழவழப்பாக நின்றது. லெதர் அவ்வப்போது தோலுரிக்கும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள்: மேல்பாறையின் இரண்டு சோவாக் கூட்டங்களும் விளக்கு எரியும் நேரத்தில் மூடி, அணைந்த பின் பாதி திறந்தன. நடுவில் இருந்த மஷ்ரூம் அகலத்தில் பாதியாகச் சுருங்கியது.

பத்தாம் நாளை ஒட்டி: மேல் சோவாக்கள் வெளுத்தன. அதே பாறையின் முன்விளிம்புக்கு அடியில் இருந்த மஷ்ரூமும், இடது மூலையில் மணல்மேல் இருந்த மூன்றாவது சோவாவும் நிறம் மாறவில்லை.

அந்த வாரம் நீரின் வெப்பம் காலையில் 28.8, மாலை 6 மணிக்கு 30.4. நைட்ரேட் 2. பாஸ்பேட் சோதனையில் நிறமே ஏறவில்லை.

வெளுப்புக்குக் காரணம் எது

வீட்டுக்காரரின் முதல் எண்ணம் சூடு. இந்தக் கரையில் அது இயல்பு. 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பரவலாக வெளுத்தது கடல்நீர் சூடேறியதால்தான். முக்குளிக்கும் மீனவர்கள் கண்ணால் கண்ட செய்தி. இளைஞரின் எண்ணம் இரும்பு ஆக்சைடு: பாஸ்பேட் சுழியமானால் பவளம் வெளிறும், அதுவும் மெய். மூன்றாவதாக ஒளி.

மூன்று காரணமும் ஒரே முகத்தைக் காட்டும். ஆனால் தொட்டிக்குள் அவை ஒரே வரைபடத்தைக் காட்டாது. பிரித்தறிய உதவியது அதுதான். சூட்டால் வந்ததென்றால் நிழலில் இருப்பதும் வெளுக்க வேண்டும், நீர் எங்கும் ஒரே வெப்பம். ஊட்டப் பஞ்சம் என்றால் எல்லாத் துண்டும் மெல்ல, சீராக வெளிறும். பத்து நாளில் சட்டென்று நடக்காது. ஒளியால் என்றால் விளக்கைப் பார்த்த முகம் மட்டும் வெளுக்கும். மேல்பாறைச் சோவாக் கூட்டம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, பாறை மடிப்பின் நிழலில் இருந்த கடைசி வரிசைப் பாலிப்புகள் பழைய பழுப்போடு இருந்தன. ஒரே உயிர்க்கூட்டம், ஒரே நீர், இரண்டு நிறம். முதன்மைக் காரணம் ஒளி என்று அங்கே தீர்ந்தது.

சூடும் பஞ்சமும் விடுதலை ஆகிவிடவில்லை. ஒளி மிஞ்சும்போது நுண்பாசிக்குள் ஒளிச்சேர்க்கை இயந்திரம் சுமை தாங்காமல் நச்சு ஆக்சிஜன் வடிவங்களை உமிழ்கிறது. பவளம் தற்காப்பாகப் பாசியை வெளியேற்றுகிறது. நீர் 30 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சுமை குறைந்த ஒளியிலேயே வந்துவிடும். பாஸ்பேட் இல்லாவிட்டால் பழுதைச் சரிசெய்யும் திறனும் பாசிக்குக் குறையும். குளிர்ந்த, ஊட்டமுள்ள நீரில் அதே விளக்கு ஒருவேளை நிறத்தை மட்டும் வெளிறச் செய்து விட்டிருக்கும்.

உடனடியாகச் செய்தவை: நீலம் 100லிருந்து 20க்கு, வெள்ளை 5க்கு. ஒளியைக் கூட்டும்போதுதான் படிப்படி தேவை. வெளுத்த பவளத்துக்குக் குறைப்பதை ஒரே நாளில் செய்யலாம். இரும்பு ஆக்சைடு முழுவதும் வெளியே. தொட்டியில் இருந்த கோமாளி மீன்களுக்குத் தீனி ஒரு வேளையிலிருந்து இரண்டு வேளை. துண்டுகளை இடம் மாற்றவில்லை. வெளுத்ததை நிழலுக்கு நகர்த்தும் ஆசை வரும். அங்கே நீரோட்டமும் மாறிவிடும், பிறகு எது உதவியது என்று தெரியாது. சோவாவைத் தூக்கித் திருப்பிப் பார்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டார்கள். இந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டுக்காயத்தோடு தொடுவதும், சோவா ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவுவதும் மருத்துவமனையில் கொண்டுபோய் விடும்.

அளவீடு

ஏப்ரல் கடைசியில் கடலுயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் வழியாக, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை நீருக்கடியில் நேரடியாக அளக்கும் பிஏஆர் மீட்டர் ஒரு மாலைக்குக் கிடைத்தது. பழைய அமைப்பையும் (நீலம் 100, வெள்ளை 10, உயரம் 20 செ.மீ.) ஐந்து நிமிடம் போட்டு, பவளங்களைத் தட்டால் மறைத்து அளந்தார்கள். மைக்ரோமோல் கணக்கில்:

மேல்பாறை உச்சி, நடு, நீரில் 15 செ.மீ. ஆழம்: 425
அதே ஆழம், இடது கண்ணாடியிலிருந்து 10 செ.மீ.: 60
நடு மணல், 42 செ.மீ. ஆழம்: 190
முன்விளிம்புக்கு அடியில்: 35

80 என்று எண்ணியது 425. ஐந்து மடங்கு. வெளுத்த இடமும் வெளுக்காத இடமும் இந்த எண்களோடு அப்படியே பொருந்தின.

அதைவிட முக்கியமான எண், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே இருந்த விகிதம்: ஏழுக்கு ஒன்று. லென்ஸ் ஒளியை நடுவில் குவிக்கிறது. 60 செ.மீ. கனசதுரத் தொட்டிக்கு அது சரி, 120 செ.மீ. நீளத் தொட்டியில் நடுவுக்குச் சரியாக வைத்தால் ஓரம் இருட்டு, ஓரத்துக்குச் சரியாக வைத்தால் நடு கருகும். ஒளியைக் குறைத்து இதைத் தீர்க்க முடியாது. சுவரில் செருகிய வாட் மீட்டரில் இரண்டு சேனலும் முழுதாக எரிந்தபோது விளக்கு இழுத்தது 110 வாட் பக்கம். 165 என்பது எல்இடிகளின் பெயரளவைக் கூட்டிய எண். பெட்டியின் வாட்டை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்பதற்கு இதுவே போதும்.

மூன்றாவது விளக்கைத் தேர்ந்த விதம்

மூன்று வழி இருந்தது. ஒன்று, கறுப்புப் பெட்டியின் லென்ஸ்களைக் கழற்றி, 35 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, அடியில் பால்நிற அக்ரிலிக் தகடு பொருத்துவது. செலவு ஆயிரத்துக்குள். இரண்டு, பெயர் பெற்ற வெளிநாட்டு விளக்கு இரண்டு; கைபேசியில் கட்டுப்படுத்தலாம், விலை தொட்டியின் மொத்தச் செலவைத் தாண்டும். மூன்று, விசிறியில்லாத அலுமினிய உடல் கொண்ட 110 செ.மீ. நீள பார் விளக்கு இரண்டு.

முதல் வழியைத்தான் தேர்ந்தார்கள், அது பத்து நாள் நடந்தது. மே மாதத்தில் ஒரு பிற்பகலில் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. திறந்து பார்த்தால் விசிறி ஒன்று நின்றிருந்தது. தாங்கியில் உப்புப் பொருக்கு, கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு. விசிறி வெளிக்காற்றை இழுத்து உடலுக்குள் தள்ளுகிறது. இந்தக் கரையில் அந்தக் காற்றில் எப்போதும் உப்பு. தொட்டிக்கு நேர் மேலே இன்னும் அதிகம். உள்நாட்டு ஊரில் சில ஆண்டு ஓடும் விசிறி இங்கே ஒரு கோடையைத் தாண்டுவதே அரிது. விசிறி நின்றால் எல்இடி சூடேறி, காப்புச் சுற்று அணைக்கிறது, ஆறியதும் போடுகிறது. நல்ல வேளை காப்புச் சுற்று இருந்தது. இல்லாத விளக்குகளில் எல்இடி ஒவ்வொன்றாகச் செத்துப்போகும்.

எனவே மூன்றாவது வழி. வாங்கும்போது பார்த்தவை இவை. உடலில் திறப்பே இருக்கக் கூடாது. டிரைவர், அதாவது எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, விளக்குக்குள் இல்லாமல் தனியே, தொட்டியைவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி வைக்கத்தக்கதாக இருக்க வேண்டும். லென்ஸ் இல்லாத 120 டிகிரி விரிவு. நீலமும் வெள்ளையும் தனித்தனியாக, 5 விழுக்காடு வரை இறங்கும் டிம்மர். நீல சேனலில் 450 பெரும்பங்கு, 470 கொஞ்சம், 420 ஊதா கொஞ்சம், அந்த ஊதா ஒளிர்நிறங்களைத் தூண்டுவதற்காக. வெள்ளை சேனலில் சிவப்பும் பச்சையும் தனி எல்இடியாக உள்ள மாதிரி ஒன்று கிடைத்தது, வேண்டாமென்று விட்டார்கள். நீரில் சிவப்பு விரைவில் உறிஞ்சப்படும், வெள்ளை எல்இடியே கண்ணுக்குத் தேவையான சிவப்பைத் தந்துவிடும். ஒன்றுக்கு 50 வாட், இரண்டும் சேர்த்து 100. பழைய பெட்டியின் பெயரளவைவிடக் குறைவு என்று வீட்டுக்காரர் தயங்கினார். பிஏஆர் எண்களைக் காட்டியபின் ஒத்துக்கொண்டார்.

பொருத்தியதும் மின் இணைப்பும்

அந்த வீட்டின் முன்னறை பழைய கட்டடம், மரக்கட்டை பாவிய மேல்தளம். மேலே துளையிட்டுத் தொங்கவிடாமல், தொட்டியின் ஸ்டாண்டிலிருந்தே எழும்பும் சட்டம் செய்தார்கள். ஜிஐ குழாய் மலிவு, ஆனால் அறுத்த முனை ஒரே மழையில் துருப்பிடித்து நீரில் சொட்டும். 304 தர எவர்சில்வரிலும் இந்தக் காற்றில் புள்ளி விழும். 316 தரத்தில் திருகும் கம்பியும், அலுமினியச் சட்டமும் போட்டார்கள். பார்கள் முன்னும் பின்னுமாக, இடையே 20 செ.மீ., நீருக்கு மேலே 25 செ.மீ. உயரத்தை மாற்றக்கூடிய சங்கிலிக் கொக்கி.

ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடப்பட்டது, ஒயர் வழியாக இறங்கும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டி இணைப்பு முழுவதற்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). உப்புநீரில் கை வைப்பவருக்கு இது விளக்கைவிட முக்கியம். மின்னழுத்தம் குறைவதால் டிரைவர் கெடவில்லை, 100 முதல் 240 வோல்ட் வரை அது தாங்கும். மின்சாரம் திரும்பி வரும்போதைய எழுச்சிதான் ஆபத்து, அதற்கு ஸ்பைக் கார்டு. இணைப்பு முனைகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ்.

நேரத்தையும் மாற்றினார்கள். காலை முதல் மாலை என்பது மனிதப் பழக்கம். பவளத்துக்குத் தேவை ஒழுங்கு, கடிகாரம் அல்ல. முன்னறையின் சூடு பிற்பகல் 3 மணிக்கு உச்சம். விளக்கும் காலையிலிருந்தே எரிந்தால் அந்த உச்சத்தில் இரண்டும் கூடும். எனவே அறை இறங்கத் தொடங்கும் பிற்பகல் 3 முதல் இரவு 11 வரை. முதல் ஒரு மணியில் ஏறி, கடைசி ஒரு மணியில் இறங்கும். வீட்டார் தொட்டியைப் பார்க்கும் நேரமும் அதுவே.

விளக்கின் சூடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பழைய ஃபோகஸ் 100 வாட், 12 மணி நேரம்: 1.2 யூனிட். அது முழுவதும் நீரில் சேர்ந்தால் 280 லிட்டரை ஏறத்தாழ 4 டிகிரி ஏற்றும். முழுவதும் சேராது, பெரும்பகுதி காற்றில் போகும். ஆனாலும் சிறிய எண் அல்ல. பார்கள் பயன்பாட்டு அளவில் நாளொன்றுக்கு அரை யூனிட்டைத் தாண்டவில்லை. மீதிச் சூட்டுக்குச் சம்ப் மேல் ஒரு டேபிள் ஃபேன். இந்த ஈரக் காற்றில் அதனால் ஒன்றரை டிகிரிக்கு மேல் இறக்க முடியவில்லை. நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆர்ஓ நீர் குடித்தது.

ஒளியை ஏற்றிய முறை

மே மூன்றாம் வாரம், நீலம் 40, வெள்ளை 20. மேல்பாறை உச்சியில் 70, ஓரங்களில் 45. ஏழுக்கு ஒன்று என்ற விகிதம் இரண்டுக்கு ஒன்றைவிடக் குறைந்தது. இந்த நிலையில் இரண்டு வாரம் தொடவில்லை. அதன்பின் வாரம் ஒருமுறை நீலத்தில் 5 கூட்டினார்கள். நீர் 30 டிகிரியைத் தாண்டிய வாரங்களில் கூட்டவில்லை. விதி ஒன்றே: சோவா இரண்டு நாள் தொடர்ந்து ஒளி நேரத்தில் மூடியிருந்தால் முந்தைய எண்ணுக்குத் திரும்பு, ஒரு வாரம் பொறு. ஜூலையில் ஒருமுறை அப்படித் திரும்ப வேண்டி வந்தது.

செப்டம்பரில் நீலம் 75, வெள்ளை 30. உச்சியில் 130, ஓரத்தில் 75, மணலில் 60. அங்கே நிறுத்தினார்கள். இன்னும் கூட்ட இடமிருந்தது, கூட்டக் காரணமில்லை.

பின்தொடர்ந்தவை

மேல் சோவாக் கூட்டங்களில் ஒன்று மீளவில்லை. ஜூன் தொடக்கத்துக்குள் கரைந்தது. மற்றொன்று, நிழல் மடிப்பிலிருந்த வரிசையிலிருந்தே மீண்டும் பரவி ஆகஸ்டில் நிறம் பெற்றது. லெதர் மூன்று வாரத்தில் பாலிப் விரித்தது. நடு மஷ்ரூம் பாறையை விட்டுக் கழன்று, தானே உருண்டு பின்பக்க மணலில் ஒட்டி, அங்கே இரண்டாகப் பிரிந்தது. நைட்ரேட் 5க்கும் 8க்கும் இடையில், பாஸ்பேட் 0.05 பக்கம் நின்றது. முடிப்பாசி கையால் பறிக்கும் அளவுக்கு ஒடுங்கியது.

புதிதாக இரண்டு சிக்கல் வந்தன. ஆகஸ்டில் விளக்கின் அடிப்பக்க அக்ரிலிக்கில் உப்புத் தெறிப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததை ஒரு நாள் நன்றாகத் துடைத்தார்கள். மறுநாள் சோவா மூடியது. டிம்மர் எண் மாறவில்லை, ஆனால் மாதக்கணக்கில் படிந்த படலம் போனதும் ஒளி ஒரே நாளில் எகிறிவிட்டது. அதிலிருந்து வாரந்தோறும் ஆர்ஓ நீரில் நனைத்த துணியால் துடைப்பது வழக்கமானது.

மற்றது வாடை மழையில். அக்டோபர் இறுதியில் ஆறேழு மணி நேர மின்தடை. விளக்கு இல்லாததால் ஒன்றும் ஆகாது, பவளம் இரண்டு மூன்று நாள் இருட்டைத் தாங்கும். தாங்காதது நீரோட்ட நிறுத்தம், அதற்கு 12 வோல்ட் பம்பு பேட்டரியில் ஓடியது. ஆனால் மின்சாரம் வந்ததும் விளக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி கடிகாரத்தை 12 மணிக்குத் திருப்பிக்கொண்டு, இரவெல்லாம் தப்பான நேரத்தில் ஏற்றி இறக்கியது. உள்ளே பேட்டரிக்கு இடம் இருந்தது, பேட்டரி இல்லை. சிஆர்2032 நாணய பேட்டரி ஒன்று போட்டதும் தீர்ந்தது. இழந்த மணி நேரத்தை ஈடுகட்ட மறுநாள் கூடுதலாக எரியவிடவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே தொட்டியை மறுபடி அமைப்பதென்றால் வரிசை இப்படி இருக்கும். முதலில் ஆர்ஓ நீர், விளக்குக்கு முன்பே. தொட்டியின் நீளத்தைப் பார்த்து விளக்கின் வடிவம்: 60 செ.மீ.க்குள் ஒரு பெட்டி போதும், 90க்கு மேல் பார். வாங்கிய நாளில் நீலம் 25 விழுக்காட்டுக்கு மேல் போடாமல், பிஏஆர் மீட்டர் கைக்கு வரும்வரை அங்கேயே நிறுத்துவது. இரவல் மீட்டர் ஒரு மாலை கிடைத்தால்கூடப் போதும். பன்னிரண்டு புள்ளியில் அளந்து, டிம்மர் எண்ணோடு தாளில் எழுதித் தொட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் ஆண்டு முழுவதும் உதவும். மீட்டர் அறவே கிடைக்காவிட்டால், லக்ஸ் மீட்டரில் வெள்ளை சேனலையும் நீல சேனலையும் தனித்தனியே எரியவிட்டு அளந்து, நீல எண்ணை 7ஆல் வகுப்பது முழுப் பிழையிலிருந்தாவது காப்பாற்றும். வெள்ளை எண்ணுக்கு 70 பக்கம் வகுத்தால் உண்மைக்கு அருகில் வரும்.

பழைய விளக்கிலிருந்து புதியதுக்கு மாறும் வாரத்தில் வேறு எதையும் மாற்றக் கூடாது. ஏப்ரலில் இரும்பு ஆக்சைடும் விளக்கும் ஒரே நாளில் வந்ததால்தான் காரணத்தைப் பிரிக்க மூன்று வாரம் போனது. விளக்கு மாற்றத்துக்கு ஏப்ரல், மே தவிர்க்கத்தக்க மாதங்கள். வாடை தணிந்து நீர் 26, 27 டிகிரியில் நிற்கும் ஜனவரி, பிப்ரவரி ஏற்றவை. கட்டாயம் கோடையில்தான் மாற்ற வேண்டுமென்றால் நீருக்கு மேலே ஒரு சட்டத்தில் கொசுவலையை மூன்று நான்கு அடுக்காகக் கட்டி, பத்து நாளுக்கு ஓர் அடுக்காக எடுக்கலாம். டிம்மர் இல்லாத விளக்குக்கும் இது செல்லும்.

கறுப்புப் பெட்டி விளக்கை விற்கவில்லை. விசிறி மாற்றி, லென்ஸ் கழற்றி, சம்ப் பக்கத்தில் தனித் தொட்டியில் வெட்டுத்துண்டு சோவாக்களுக்கு நீலம் 15ல் எரிகிறது. மாற்று விசிறிகள், 80 மி.மீ., 12 வோல்ட், இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்கள்; அவற்றை உப்புக் காற்று படாமல் மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.